அம்மாவின் இடது கன்னம்

போவாச்சி,

கடை திறக்கக் கிளம்பிவிட்டேன். சாவி சன்னல் மேல் இருக்கிறது. சோளக் கஞ்சியைக் கெட்டியாகவே வைத்திருக்கிறேன்; தண்ணீர் விடாதே. அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டு.

நேற்று வந்த நர்ஸிடம், "வாயெல்லாம் என் தம்பிதான் பார்த்துக்கிறான், ரெண்டு வேளையும் தேய்ச்சு விடுறான்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அம்மாவின் இடது கன்னத்துக்குள் விரல் விட்டு, ஒரு கொத்து பல்குச்சி நாரை எடுத்தார். கூடவே ஞாயிற்றுக்கிழமை நீ பிசைந்து ஊட்டிய கென்கி, அந்தச் சோளமாவு உருண்டையின் துணுக்கு. நேற்று செவ்வாய்.

பக்கவாதம் வந்த பக்கத்தில் எது சிக்கினாலும் தெரியாது, நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்று உன்னையும் உட்கார வைத்துத்தான் சொன்னார்கள். "அம்மாவே கையைக் காட்டிக் குச்சி கேட்டாங்க" என்பாய். வாழ்நாளெல்லாம் அதைக் கடித்தவள், கேட்கத்தான் செய்வாள். குச்சியைக் கையில் கொடுத்துவிட்டு, நான் நம்புவதற்காகத் தினமும் பிரஷ்ஷை நனைத்து வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குச்சிகளை எடுத்துப் போகிறேன். இன்று பிரஷ்ஷால் தேய். அம்மாவுக்குத் துப்ப வராது, ஈரத்துணியால் துடைத்தெடு. இடது கன்னத்துக்குள் பார்.

உனக்கு மீன் வைக்கவில்லை.

அக்கா சேர்வா

பி.கு.: "இவன் தேய்ச்சே விடலையாம்மா?" என்று கேட்டேன். நர்ஸ் கையில் நார் இருக்கும்போதே அம்மா சொன்னாள்: "தேய்ச்சான்." நான்கு மாதமாக என் பெயரைச் சொல்லச் சொல்லிப் பழக்குகிறேன், வரவில்லை. அவள் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.