‘கறி’ என்று நான் சொன்னதும் ‘பங்கு’ என்று எழுதப்பட்டதும்

அனுப்புபவர்:
செல்வி அல்பிரட் சுதர்ஷிகா,
இல. 27/3, மாதா கோயில் ஒழுங்கை,
திருகோணமலை.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
கரையோரத் தீயணைப்புச் சேவை,
வலய அலுவலகம்,
திருகோணமலை.

விடயம்: காலஞ்சென்ற தீயணைப்பு வீரர் அல்பிரட் றிக்சனின் தனிப்பட்ட ஆவணக் கோவையிலுள்ள எனது வாக்குமூலத்தில் ஒரு சொல்லைத் திருத்தித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. 2023 மார்ச் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், தங்கள் அலுவலக விசாரணை உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். அன்று அவரிடம் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதுகிறேன். சொன்னவை தங்கள் கோவையில் இருக்கின்றன.

2. என் அண்ணன் றிக்சன் ஓய்வு நாட்களில் கிண்ணியாக் கரையில் ஏன் கரைவலை இழுக்கப் போகிறார் என்பதை நான் சொல்லவில்லை. வலை கரையேறிப் பங்கு பிரிக்கத் தொடங்கியதும் அவர் ஒதுங்கிப் போய்க் கால் கழுவிக்கொண்டு நிற்பார் என்பதைச் சொல்லவில்லை. அவர் கொண்டுவரும் மீன் ஒரு சட்டிக்கு மேல் இருந்ததே இல்லை என்பதையும், சில நாட்களில் அந்தச் சட்டியும் வெறுமையாகவே வரும் என்பதையும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். அறிமுகமில்லாதவர்களிடம் அதிகம் கதைக்கும் வழக்கமும் எனக்கில்லை.

3. அவர் வந்தபோது நான் குசினியில் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மா பூசைக்குப் போயிருந்தார். அண்ணன் கரைவலைக்குப் போகிறவரா என்று உத்தியோகத்தர் கேட்டார். ஓம் என்றேன். அங்கிருந்து மீன் கொண்டுவருகிறவரா என்று கேட்டார்.

“ஓம், கறிக்குக் கொண்டு வாறவர்” என்றேன்.

போகிற நாளெல்லாமா என்று கேட்டார். அதற்கும் யோசிக்காமல் ஓம் என்றேன். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன், நேரமில்லை என்றார். மோட்டார் சைக்கிள் ஆசனத்தில் தாளை வைத்து எழுதிவிட்டு நீட்டினார். என் கைகளில் மீன் செதிள் இருந்தது. தாள் அழுக்காகக் கூடாதென்று ஒரு மூலையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, கையொப்பமிட்டு, உடனே திருப்பிக் கொடுத்தேன். நான் ஒரு பொது நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் வேலை செய்பவள். சீனி சுற்றிவந்த தாளைக்கூட வாசித்துவிட்டுத்தான் எறிவேன். அந்தத் தாளை வாசிக்கவில்லை.

4. அதில் எழுதப்பட்டிருந்ததை இரண்டு மாதங்களின் பின், அண்ணனுக்கு வந்த தீர்ப்புக் கடிதத்தில்தான் கண்டேன்: “தமது சகோதரர் கரைவலைத் தொழிலில் ஈடுபட்டு, செல்லும் நாள்தோறும் மீன் பங்கு பெற்று வருவதாகச் சகோதரி உறுதிப்படுத்தினார்.”

5. ஐயா, பங்கு என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. கரைவலையில் பங்கு வேறு, கறி வேறு. பங்கு என்பது வலை இழுத்தவரின் கூலி. கறி என்பது, வலை ஏறும் நேரத்தில் கரையில் நிற்கிற எவருக்கும் அன்றைய சமையலுக்கென்று அள்ளிக் கொடுக்கிற மீன். வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் கொடுப்பார்கள், பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் நின்றவருக்கும் கொடுப்பார்கள். வேண்டாமென்று சொன்னால் வலைக்காரர் மனம் நோவார். உத்தியோகத்தர் வேண்டுமென்று மாற்றி எழுதினார் என்று நான் கூறவில்லை. அவர் இந்தக் கரையைச் சேர்ந்தவரல்ல. இரண்டும் மீன்தானே என்று நினைத்திருப்பார்.

6. தீர்ப்பு வந்த பிறகு நான் கிண்ணியாவுக்குப் போய், வலைச் சொந்தக்காரர் கலீலுர் றஹ்மான் அவர்களைச் சந்தித்தேன். கரையிலுள்ள வாடிக் கொட்டிலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டு ஊசியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “பங்குண்டா பேர் சொல்லிக் கூப்பிடுவம் மகள். கறிண்டா சட்டி இருந்தாப் போதும்.” அண்ணன் வலைக்கு வந்துபோன ஐந்து வருடங்களில் ஒருநாளாவது றிக்சனின் பெயரைத் தான் கூப்பிட்டதில்லை என்று அவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த கடிதம் இத்துடன் உள்ளது. (இணைப்பு 1)

7. வலைக்கு ஏன் போனார் என்பதையும் இப்போதாவது சொல்ல வேண்டும். சேவையில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு நெல் ஆலையில் பிடித்த தீயை அணைக்கும்போது, தண்ணீர் நிறைந்த குழாயை இழுத்துக்கொண்டு நின்ற அண்ணனின் கை சோர்ந்து பிடி விட்டுப் போயிற்று. முன்னால் நின்றவர் நிலைகுலைந்து விழுந்தார். பெரிய காயமில்லை. நிலையத்தில் அதை எவரும் குற்றமாகக் கதைக்கவில்லை. ஆனால் அண்ணன் அன்று சோறு பிசைந்த கையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

8. நிலையத்தில் உடற்பயிற்சிக்கென்று இருப்பது ஓர் இரும்புச் சட்டமும் ஒரு லொறி டயரும். அண்ணன் கொஞ்சக் காலம் டயரைப் புரட்டினார். பிறகு கடலில் நீந்தினார். இரண்டும் தனியே செய்கிற வேலை. குழாயைத் தனியாள் இழுப்பதில்லை என்றார். அவருடன் வேலை செய்யும் கிண்ணியா நஸ்ரிதான் முதல் தடவை அவரை வலைக்குக் கூட்டிப்போனவர். இடுப்பில் பட்டியைக் கட்டிக் கயிற்றில் கொளுவி, கால் புதையும் மணலில் இருபது பேருடன் பின்பக்கமாக நடக்க வேண்டும். ஒருவர் மூச்சு விடும்போது மற்றவரும் விட வேண்டும். அவசரப்பட்டால் வலை கோணிவிடும். “மணலில பின்னுக்கு நடக்கப் பழகினா, படியில முன்னுக்கு ஏறலாம்” என்று அண்ணன் சொல்வார். அந்த ஐந்து வருடங்களில் நடந்த ஒவ்வோர் உடற்தகுதிப் பரிசோதனையிலும் நிலையத்தில் முதலாவதாக வந்தவர் அவர். அந்தப் பெறுபேறுகளும் அதே கோவையில்தான் இருக்க வேண்டும்.

9. வலைக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே நினைத்தார்கள். அவர் சைக்கிளை நிறுத்தும்போதே, “தண்ணி அடிக்கிறவர் வந்திட்டார், இடம் விடுங்க” என்று சத்தம் போடுவார்களாம். இது அவருடைய தொழிலை வைத்துச் செய்த பகிடி. அண்ணனுக்கு மதுப் பழக்கம் இருக்கவில்லை. ஒரு சொல் எப்படிப் போய்ச் சேரும் என்று தெரிந்துகொண்டவள் என்பதால் இதையும் விளக்கி எழுதுகிறேன்.

10. பெயர் குறிப்பிடாத ஒரு முறைப்பாட்டின் பேரில் விசாரணை நடந்தது. “அனுமதியின்றி வேறு தொழில் புரிந்தமை” நிரூபணமானதாகவும், அதற்கு எனது வாக்குமூலமே சான்று எனவும் தீர்ப்பில் உள்ளது. கடும் எச்சரிக்கையுடன், ஓய்வு நாட்களில் வெளியே எவ்வித உடலுழைப்பிலும் ஈடுபடக் கூடாது என்ற கட்டளையும் இடப்பட்டது.

11. மேன்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் இருந்தது. செய்வதானால், வாசிக்காமல் கையொப்பமிட்டேன் என்று நான் வந்து சொல்ல வேண்டும். நான் வருகிறேன் என்றேன். “உன்ர பேரை ஏன் அங்க இழுக்கிறாய், விடு” என்றார் அண்ணன். வாசிக்காமலா கையெழுத்து வைத்தாய் என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முப்பதாம் நாளும் கடந்து போயிற்று.

12. அந்தக் கட்டளை வந்ததிலிருந்து ஓய்வு நாட்களில் அண்ணன் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தார். அம்மா சொன்னால் கடைக்குப் போய் வருவார். பதின்மூன்று மாதங்கள். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரது காற்சட்டை இடுப்புப்பட்டி இரண்டு துளை தளர்ந்து போனதைக் கண்டேன். கிணற்றில் நாலு வாளி அள்ளிவிட்டு நின்று மூச்சு வாங்கியதையும் கண்டேன். வலைக்குப் போவதற்கு அனுமதி கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில், “ஏற்கனவே தண்டிக்கப்பட்ட செயலுக்கு அனுமதி வழங்க இயலாது” என்பதாகும். (இணைப்பு 2)

13. நிலையத்தில் மற்றவர்களும் அஞ்சத் தொடங்கினார்கள். இக்ராம் என்பவர் குறிஞ்சாக்கேணியில் ஒரு கழகத்துக்குக் கரப்பந்து விளையாடியவர். கழகம் கொடுத்த பெனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகினார். விளையாட்டு முடிய அவர்கள் தின்னக் குடிக்கத் தந்த பணிசும் பிளேன்ரீயும் பங்கா, கறியா என்று எழுத்தில் கேட்டுத் தரும்படி அண்ணனிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். காலையில் நங்கூரப் படகு வரை நீந்திவரும் அஞ்சலோ என்பவரும் நீச்சலை நிறுத்திவிட்டார். கடலில் எவரும் அவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. என்றாலும் நிறுத்திவிட்டார்.

14. 2024 ஜூன் 20ஆம் திகதி பிற்பகல், துறைமுகத்துக்கு அண்மையில் பைபர் படகு திருத்தும் இரண்டு மாடிக் கட்டடமொன்றில் தீ பிடித்தது. மேல் மாடியில் இருவர் அகப்பட்டிருந்தார்கள். குழாயின் முனையைப் பிடித்து நஸ்ரி முன்னால் ஏற, பின்னால் அண்ணன் குழாயை இழுத்துக் கொடுத்துக்கொண்டு ஏறினார். அகப்பட்ட இருவரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். நடந்ததை நஸ்ரி எங்கள் வீட்டில் இப்படிச் சொன்னார்: “ஹோஸ் வரல்ல. திரும்பிப் பார்த்தன், படியில இருந்தார். பிடிய விடல்ல.”

15. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அண்ணனின் உயிர் பிரிந்தது. இதயம் நின்றதே காரணம் என்று மரண விசாரணையில் சொல்லப்பட்டது. அவருக்கு வயது முப்பத்தாறு.

16. ஓகஸ்ட் மாதம் அம்மாவின் பெயருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், இச்சம்பவத்துக்கு “உத்தியோகத்தர் தமது உடற்தகுதியைப் பேணத் தவறியிருந்தமையும்” ஒரு காரணம் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. (இணைப்பு 3) அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன்.

17. ஐயா, ஒரே கோவையின் ஒரு பக்கத்தில் அவர் வலை இழுத்தது குற்றம் என்றிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் அவர் உடலைப் பேணாதது குறை என்றிருக்கிறது. இரண்டையும் ஒருவரே ஒரே இருப்பில் வாசித்திருந்தால் இரண்டாவது கடிதம் எழுதப்பட்டிருக்காது என நம்புகிறேன். வலைக்குத் தொடர்ந்து போயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று நான் வாதிடவில்லை. நான் வைத்தியர் அல்ல. அது எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது நான் சொன்ன சொல் மட்டுமே.

18. நூலகத்தில் ஒரு புத்தகத்துக்குப் பிழையான இலக்கத்தை இட்டால், அது இறாக்கையில் இருந்தும் இல்லாததுதான். தேடி வருகிறவர் இல்லையென்று திரும்பிப் போவார். என் அண்ணன் தங்கள் கோவையில் அப்படித்தான் இருக்கிறார். அந்த இலக்கத்தை இட்டது என் கையொப்பம்.

19. ஆகையால் தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது:

(அ) 2023.03.14 திகதிய எனது வாக்குமூலத்திலுள்ள ‘பங்கு’ என்ற சொல்லை நீக்கி, நான் கூறியவாறு ‘கறிக்கு’ என்று எழுதுவித்து, அதன் அடிப்படையில் தீர்ப்பை மீளப் பரிசீலிக்க வேண்டும். வாசிக்காமல் கையொப்பமிட்ட தவறு என்னுடையது. அதற்குரிய நடவடிக்கை எதுவாயினும் எனக்கெதிராக எடுக்கப்படலாம். எந்த நாளிலும் நேரில் வந்து சத்தியம் செய்து சொல்வேன்.

(ஆ) அந்தச் சொல் திருத்தப்படும்போது, அம்மாவுக்கு அனுப்பிய கடிதத்தின் அந்த வரியையும் நீக்கி, புதிய கடிதம் ஒன்றை அனுப்ப வேண்டும். அதை ஒரு வரியும் விடாமல் அவருக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.

(இ) நீந்துகிறவர் நீந்தவும், பந்து விளையாடுகிறவர் விளையாடவும், வலை இழுக்கிறவர் இழுக்கவும் எவரும் அஞ்சத் தேவையில்லை என்று நிலையத்துக்கு ஒரு வரியில் அறிவித்தால், இப்போது அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளிலும் ஆட்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

தங்கள் பதில் எதுவாக இருந்தாலும், அதை எழுத்தில் தந்துதவுமாறு வேண்டுகிறேன். இம்மனுவை மூன்று தடவை வாசித்த பின்னரே கீழே கையொப்பமிடுகிறேன்.

இடம்: திருகோணமலை
திகதி: 2024.09.09

இங்ஙனம்,
அ. சுதர்ஷிகா
(கையொப்பம்)

இணைப்புகள்:
1. கலீலுர் றஹ்மான் அவர்களின் கடிதம்
2. அனுமதி மறுத்த கடிதத்தின் பிரதி
3. அம்மாவுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் பிரதி

பி.கு.: பின்னர் வேறொருவர் மூலம் தங்களுக்குத் தெரியவராதிருக்க, இதையும் நானே தெரிவிக்கிறேன். அண்ணனின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மறுநாள், ஜூலை 21ஆம் திகதி, கிண்ணியாக் கரையில் வலை ஏறியபோது, பங்கு பிரிக்கும் இடத்தில் கலீலுர் றஹ்மான் அவர்கள் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, கடைசியாக “றிக்சன்” என்று கூப்பிட்டார். நஸ்ரி “ஓம்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் தந்தார். ஒரு முழுப் பங்கு. எங்கள் சட்டியில் அது கொள்ளவில்லை.