பின் ஆக்ஸில் முனகுகிறது

மார்ச் 3

வண்டி பின்பக்கம் முனகுகிறது. மனைவியிடம் சொன்னேன். "நீங்களும்தான் முனகுறீங்க, ஓடாமலா இருக்கீங்க?" என்றாள்.

மார்ச் 5

முனகல் போய்க் கரகரப்பு வந்துவிட்டது.

இந்த ஏடிவி, நான்கு தடித்த சக்கரத்தோடு எந்த மேட்டிலும் ஏறும் வண்டி, இல்லாவிட்டால் அவளால் குன்றின் மேலே இருக்கும் தேன்பெட்டிகளுக்குப் போக முடியாது. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மேலே ஒரே பூவாம். ஞாயிறுக்குள் காலிப் பெட்டிகளை ஏற்றி அடுக்காவிட்டால், இடம் போதாமல் பாதிக் கூட்டம் பறந்துவிடுமாம். நான் போகலாமே என்றால், தேனீக்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருடம் மூக்கில் கொட்டியதை நான் மறக்கவில்லை.

சாயங்காலம் என் தம்பி அவளுக்குப் போன் செய்தானாம். "அண்ணி, என் ஜீப்புல கூட்டிட்டுப் போறேன்" என்றானாம். அவனுக்கு யார் சொன்னது?

"நான்தான் சொன்னேன்" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவனோடு நான் பேசி ஆறு வருடம். அப்பாவின் பட்டறைச் சாமான்களைப் பங்கு பிரித்த அன்று, உறவுக்காரர் அத்தனை பேர் முன்னால், "அண்ணனுக்கு எதுக்கு ஸ்பேனர்? அவருக்குப் பேனா போதும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஞாயிறுக்குள் வண்டி ஓடும் என்று சொல்லிவிட்டேன்.

"ஓடலேன்னா ஜீப்புதான்."

மார்ச் 6

கல்லூரியில் உராய்வைப் பற்றி வருடக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான். (துறைத் தலைவர் நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் என்பது வேறு கதை.) பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். ஒரு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடியது. எதிர்ப்பக்கச் சக்கரமும் கூடவே ஆடியது. ஆக, சக்கரத்தின் நட்டில் குற்றமில்லை; இரண்டையும் கோக்கும் இரும்புத் தண்டு, ஆக்ஸில்தான் ஆடுகிறது. கையால் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஓசை. பேரிங் போச்சு.

செயின் தளர்ந்திருக்கும் என்று தம்பி சொன்னானாம். செயினாம்! ஆக்ஸில் ஆடுவதால்தானே செயினே தளர்கிறது?

இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 7

ஆக்ஸிலைத் தட்டி வெளியே எடுத்தாயிற்று. பேரிங்கை மூடும் ரப்பர் சீல் கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் சேறாகிவிட்டது. குண்டுகளில் துரு.

புது பேரிங் வாங்கப் போனால் கடைக்காரர், "நீங்களேவா சார் மாட்டப் போறீங்க?" என்றார்.

"ஏன், பிடிச்சு உள்ள போட்டுருவாங்களா?" என்றேன். இனி அந்தக் கடைக்குப் போவதில்லை. வேறு கடையும் இல்லை.

புது பேரிங் இரண்டையும் ஃப்ரீசரில் வைத்தேன். குளிர்ந்தால் ஒரு இம்மி சுருங்கும், சுலபமாக இறங்கும்.

"பட்டாணிக்குப் பக்கத்துல என்னங்க இது?"

"பேரிங்."

"வேக வைக்கணுமா, அப்படியேவா?"

மார்ச் 8, காலை

மாட்டியாயிற்று. நட்டை முறுக்கினேன். சக்கரம் அசையவில்லை. சுத்தமாக இறுகிவிட்டது. ஏன்?

அதே நாள், பத்து நிமிடம் கழித்து

தெரிந்துவிட்டது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்க வேண்டிய இரும்புக் குழாய், துடைத்து வைத்தது வைத்தபடி பெஞ்சில் பளபளக்கிறது. அது இல்லாமல் முறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கித்தான் சாகும். இரண்டாவது பேரிங்கை அடித்து இறக்கும்போது, அன்றைக்குத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பதில். ரொம்ப நல்ல பதில்கள் — குழாய் எங்கே ஞாபகம் வரும்?

மாட்டியதைக் கவ்வி இழுக்க ஒரு புல்லர் வேண்டும். அப்பாவுடையது இருக்கிறது. யாரிடம் என்று எழுத வேண்டியதில்லை.

"போன் பண்ணட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்."

பண்ணிவிட்டாள்.

அதே நாள், இரவு

வந்தான். கையில் புல்லரும், இழுத்தால் பாழாகும் பேரிங்குக்குப் பதிலாக இன்னொரு புதியதும்.

"என்னண்ணே, செயினா?"

"பேரிங்."

கழற்றிப் போட்ட பழையதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தான். "பேரிங்தான்" என்றான். பிறகு பெஞ்சைப் பார்த்தான். "இந்தக் குழாய் உள்ள இருக்கணுமே?"

"உன்னாலதான்."

"நான் என் வீட்லதானே இருந்தேன்?"

"உனக்குப் பதில் சொல்லிட்டு இருந்தேன்டா. பேனா போதும்னியே, அதுக்கு."

"என்ன பதில்?"

மாட்டிய பேரிங்கைப் புல்லரால் இழுத்தெடுத்த பிறகு, ஆக்ஸிலைத் திரும்ப ஏற்றும்போது ஒருவர் தாங்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். அவன் தாங்கிக்கொண்டிருந்தான், விட்டுவிட்டு எங்கும் போக முடியாது. சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவின் தையல் மெஷின் பற்றிய பழைய தகராறு வரைக்கும் போய் வந்தேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"தப்புதான்ணே" என்றான் கடைசியில். "எல்லாரும் சிரிக்கவும் எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு தெரியல." கூடவே, "சீக்கிரம் அடி, கை விட்டுப் போகுது."

அடித்தேன். குழாய் உள்ளே இருக்கிறதா என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டோம்.

மார்ச் 9

காலிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அவளே ஓட்டிப் போனாள். நாங்கள் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். இன்ஜின் சத்தம் மட்டும். கூட்டம் பறக்கவில்லையாம், ஒரு பெட்டி பாக்கியில்லாமல் அப்படியே இருக்கிறதாம்.

மார்ச் 13

தம்பியின் ஜீப் முன்பக்கம் கூவுகிறதாம். பிரேக் என்கிறான். பிரேக்காக இருக்கவே முடியாது. ஜாக்கியோடு கிளம்புகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியாயிற்று.