கோழிக்குப் போட்ட பொங்கல்

கோலசிலாங்கூர்,
27.6.1985

அன்பு மகள் சுரையாவுக்கு உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம், மீரியில் நீயும் அதே சுகத்தோடு பள்ளிக்கூட வேலைக்குப் போய் வருவாய் என்று நம்புகிறேன். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. சாப்பாட்டுக் கடையை மூன்று நாள் அடைப்பேன் என்ற வாப்பா, இரண்டாம் நாளே கை சும்மா இருக்கவில்லை என்று போய்த் திறந்துவிட்டார். உன் கடிதம் கிடைத்தது. ஆசிரியர் அறைக்குள் நீ நுழைந்தால் மற்ற டீச்சர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், மாற்றல் கேட்டு எழுதப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அவர்களோடு சேராதே, வந்துவிடு என்று நானும் ஒரு பக்கம் எழுதினேன், பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், வாப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி, லோரி ஓட்டும் இருசப்பன் பெண்சாதி, தோட்டத்து லயத்து வீட்டைவிட்டு நம் கம்பத்து ஊருக்குள் குடிவந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வருடா வருடம் பொங்கலன்று தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுப்பாள், நானும் சிரித்துக்கொண்டே வாங்கி, அவள் போனதும் கொல்லையில் கோழிக்குப் போட்டுவிடுவேன். சாமிக்குப் படைத்ததாக இருக்குமோ என்று பயம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை. நீ சின்னப் பிள்ளையில் அதிலிருந்து ஒரு வாய் அள்ளித் தின்றாய் என்று உன்னை அடித்தேனே, உனக்கு நினைவிருக்கும். நாம் நோன்புக்கஞ்சி அனுப்பினால் அவள் சட்டியைக் கழுவி, வெறுமையாகத் தரக்கூடாது என்று நாலு வெற்றிலையாவது போட்டு அனுப்புவாள்.

இந்த வருடம் மூன்றாம் நோன்பன்று அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து கொல்லைப்பக்கம் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரட்டையில் நம் கஞ்சி, இரண்டு காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுக் கஞ்சி இவளுக்குக் காக்கைக்குப் போடத்தான் லாயக்கா, இத்தனை வருடமும் சிரித்துச் சிரித்து வாங்கி இதைத்தான் செய்திருக்கிறாள், எவ்வளவு அழுத்தக்காரி என்று நினைத்தேன். அவர்கள் முதல் பிடியைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா, நன்றாகத் தெரியும். அன்று அது நினைவிலேயே வரவில்லை சுரையா. நான் செய்கிற காரியத்தையே அவளும் செய்கிறாள் என்று என் மனது முடிவு கட்டிவிட்டது. மறுநாளிலிருந்து கஞ்சி அனுப்பவில்லை, அவள் கூப்பிட்டாலும் தொழ நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விடுவேன். வயிற்றைக் காயப்போட்டு, நெஞ்சில் இதைச் சுமந்துகொண்டு மிச்சம் இருபத்தேழு நோன்பையும் பிடித்தேன், அல்லாஹ் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ.

பெருநாளன்று காலையில் அவளே அதே தூக்குச்சட்டியில் பாயாசத்தோடு வந்து நின்றாள். என் மேல் ஏதும் வருத்தமா என்று கேட்டாள், கண் கலங்கியிருந்தது. நம் கஞ்சியைக் காக்கை தின்றதைப் பார்த்தேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"ஆமாக்கா, வாயில்லாச் சீவனுக்கு வச்சிட்டுத்தானே நாம திங்கணும். நீங்களும் அப்படித்தானே, நான் குடுக்குற பொங்கல மொதல்ல கோழிக்குப் போட்டுட்டுத்தானே சாப்புடுறீங்க, வேலிப்பக்கம் எத்தன வருசமா பாக்குறேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட பெருமையா சொல்லியிருக்கேன் லா" என்றாள். படைப்பதற்கு முன்பே நமக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவதாகவும் சொன்னாள், முதல் வருடத்திலிருந்தே அப்படித்தானாம்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் கோழிக்குப் போட்டதை அவள் தன் மனதைக் கொண்டு பார்த்திருக்கிறாள், அவள் காக்கைக்கு வைத்ததை நான் என் மனதைக் கொண்டு பார்த்திருக்கிறேன். சட்டியைக் கண்டதும் நம் கோழிகள் பழக்கத்தில் ஓடிவந்து காலைச் சுற்றிக்கொண்டன, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு கரண்டி அவற்றுக்கு ஊற்றினேன். மீதியை அவள் முன்னாலேயே அடிச்சட்டிவரை குடித்தேன். பன்னிரண்டு வருடத்தில் அன்றுதான் அவள் நினைத்த மாதிரி நடந்துகொண்டேன். உண்மையைச் சொல்லிவிடலாமா, சொன்னால் மனம் நொந்துபோவாளா, எனக்குப் புரியவில்லை, நீ யோசித்து எழுது. இப்போதைக்கு அல்லாஹ்விடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறேன், மனது லேசாகத்தான் இருக்கிறது.

உன் டீச்சர்கள் ஏன் பேச்சை நிறுத்துகிறார்களோ எனக்குத் தெரியாது, உன்னைப் பற்றிப் பேசினாலும் பேசுவார்கள். ஒரு தடவை நேரில் கேட்டுப் பார்த்துவிட்டு மாற்றலுக்கு எழுது மகளே. மழையில் நனையாதே, இரவில் தலைக்குக் குளிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த மனதையும் தருவானாக, ஆமீன். ஒரு டின் அச்சு முறுக்கு அனுப்புகிறேன், பாதி நான் சுட்டது, பாதி புஷ்பவள்ளி சுட்டது. மறக்காமல் அந்த டீச்சர்களுக்கு உன் கையாலேயே கொடு, அவர்கள் கோழிக்குப் போட்டாலும் போடட்டும். புஷ்பவள்ளி சுட்டதில் உனக்கு முதலில் எடுத்துத் தின்றுகொள், இந்தத் தடவை அடிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா,
மெகராஜ் பேகம்