பாலில் கழுவிய நாய்கள்

டார்லஸ்டன்,
1836 மார்ச் 14, திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் ரூபனுக்கு,

பென்சில்வேனியாவில் நீ சுகமாய் இருக்க ஆண்டவரை வேண்டி, உன் தந்தை சைலஸ் எழுதுவது. டிசம்பர் 6 எனத் தேதியிட்ட உன் கடிதம் மார்ச் 9 அன்றுதான் கைக்கு வந்தது. அதில் ஆண்டைக் குறிக்கவில்லை. இனி அவ்வாறு விடாதே.

உன் நாய் ஜூனோவைக் கப்பலில் அனுப்ப இயலுமா என்று கேட்டிருக்கிறாய். மகனே, ஜூனோ இப்போது இல்லை. முழுவதும் படித்த பின்பே உன் அண்ணன் ஈனாக்கைப் பற்றி முடிவு செய்.

நாய்ச் சண்டையைத் தடுக்கும் சட்டம் சென்ற செப்டம்பர் 9ஆம் தேதி நிறைவேறியது. பாதிரியார் அதைத் தேவாலயத்தில் வாசித்தபோது, உன் நாய் பிழைத்தது என்று மகிழ்ந்தேன். ஆனால் சண்டைக்களம் மதுக்கடையின் நிலவறைக்குள் இறங்கிவிட்டது. "லண்டன்ல சட்டம் போட்டா, இங்க நிலவறைக்குள்ள எவன்யா எட்டிப் பாக்கப்போறான்?" என்று ஆணிப்பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். "ஈனாக்குக்கு மட்டும் கை நடுங்குது போல" என்றும் சீண்டியிருக்கிறார்கள். பிப்ரவரி 29, திங்கட்கிழமை, அவன் ஜூனோவை அவிழ்த்துச் சென்றான். (இது லீப் ஆண்டு, தேதி சரியே.)

மீட்டுவர நானும் பின்னால் போனேன். வழக்கப்படி எதிராளியின் நாயை ஈனாக் வெதுவெதுப்பான பாலில் கழுவி, விஷம் தடவியிருக்கிறதா என்று ரோமத்தை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாய்க்கு ஒரு காது மட்டும் வெள்ளை. 1833இல் நீ வால்சாலில் விற்ற குட்டி அது.

"டேய், அது ஜூனோ பெத்ததுடா" என்றேன்.

"நாய்க்கு ஏதுப்பா தாயும் புள்ளையும்? வீட்டுக்குப் போங்க" என்றான். "அப்போ பெரியவரே, பேத்தி மேல பந்தயம் கட்டுங்க" என்றான் இன்னொருவன்.

பால் இரண்டின் வாசனையையும் கழுவிவிட்டது. அவை கடித்துக்கொண்டன. இடையில் பிரித்து மூலைக்கொன்றாக நிறுத்தினார்கள். தரையில் கீறிய கோட்டைத் தாண்டி எதிரி மேல் முதலில் பாய வேண்டிய முறை ஜூனோவுடையது. அது பாயவில்லை. மூக்கைத் தூக்கி முகர்ந்தது. மெல்ல நடந்துபோய்க் குட்டியின் அருகில் படுத்து, கிழிந்த காதை நக்கத் தொடங்கியது. நக்கிக்கொண்டிருக்கையிலேயே குட்டியின் உயிர் போயிற்று.

பாய மறுத்த நாயை உயிரோடு வைத்துக்கொள்வது அந்தக் களத்தில் அவமானம். கூட்டம் கைகொட்டிச் சிரிக்க, ஈனாக் ஜூனோவைக் கால்வாய்க்கு அழைத்துப் போனான். அது வாலாட்டிக்கொண்டே அவனோடு போயிற்று. என் குரல் யார் காதிலும் ஏறவில்லை.

அன்றிலிருந்து அவன் பட்டறையில் உலை மூட்டவில்லை. ரொட்டியைக் கையில் எடுத்தால் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேற்று என்னிடம் வந்து, "வயசாகிச் செத்துப்போச்சுன்னு தம்பிக்கு எழுதுங்கப்பா. தெரிஞ்சா அவன் என்கூடப் பேசவே மாட்டான்" என்றான்.

உன்னிடம் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவன் சொன்னதையே நான் எழுதியதாக எண்ணி, அவன் பெயருக்கு ஒரு கடிதம் போடு. "வயதான நாய்தானே, வருந்தாதே அண்ணா" என்ற ஒரு வரி போதும். அவனுக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். குரல் தடுமாறாமல் வாசித்துவிடுவேன்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் காப்பாராக.

உன் தந்தை,
சைலஸ் ட்ரோமன்ஸ்