வாள்முனையில் வெள்ளைப் பொடி

மார்ச் 3, செவ்வாய்

இறந்தவர்களின் படை வந்து சேர்ந்தது. மொத்தம் இருபத்திரண்டு பேர். எல்லாரும் உலோகப் பொம்மைகள், எல்லாரும் என் சுண்டுவிரல் உயரம். கொண்டுவந்தவர் கடிகாரம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். மேசைமேல் பரப்பி விளையாடும் கற்பனைப் போருக்காக முப்பது வருடத்துக்கு முன்பு வாங்கினாராம். அன்றிலிருந்து ஒரு மரப்பெட்டிக்குள் தூக்கம். எலும்புக்கூடு ஒவ்வொன்றையும் பட்டப்பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார், வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுவது போல. "பனியில செத்துப்போன படைம்மா. செத்து ரொம்ப நாளான மாதிரி இருக்கணும்" என்றார். பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவதுதான் என் வேலை என்றாலும் வேறு யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்கப்போவதில்லை. ஒப்புக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, அஞ்சாம் மாசத்துல வீட்டுக்குப் பேயைக் கூட்டிட்டு வர்ற ஒரே ஆள் நீதான் என்று கிண்டல் செய்தார். ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, அது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. மற்றபடி தண்ணீரில் கரையும் வண்ணம்தான், குழந்தைகளே பூசலாம் என்று நான்தான் அவரை நம்பவைத்தேன்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இரண்டு வருடத்துக்கு முன்பு முதல் கரு பத்தாவது வாரத்தில் கலைந்துபோனது. இன்றும் பாத்ரூம் போனால் கீழே பார்க்காமல்தான் எழுந்து வருகிறேன்.

மார்ச் 5, வியாழன்

கவசங்களுக்குத் துரு ஏற்றினேன். முதலில் அடர்பழுப்பு. அது காய்ந்ததும் பஞ்சைப் பிய்த்து ஆரஞ்சைத் தொட்டுத் தொட்டு ஒற்ற வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் அதிகம், உரசும் இடத்தில் குறைவு. என்னோடு இந்த வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதில் கெட்டிக்காரர். அவர் செய்த துருவை ஒரு வாடிக்கையாளரின் அம்மா நிஜம் என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துவிட்டார். அன்றிலிருந்து நண்பருக்குத் 'துரு' என்றே பெயர்.

முதுகு வலி. மதியம் படுத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

இன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொள்ளலாம். நான்கு நாட்களாகப் பனிக்காகத்தான் திண்டாடினேன். சமையல் சோடாவைப் பசையில் குழைத்தால் எப்போதும் சர்க்கரை கொட்டின மாதிரிதான் இருக்கும். அப்போதுதான் இன்னும் வண்ணம் ஏறாத பொம்மைகளைப் பார்த்தேன். தோளிலும் வாள்முனையிலும் மெல்லிய வெள்ளைப் பொடி. முப்பது வருடத் தூசி. அதுதான் பனி! ஒவ்வொன்றிலிருந்தும் சுரண்டிச் சுரண்டி ஒரு சின்ன மூடியில் சேர்த்தேன். பிறகு நுனித் தூரிகையால் கண்குழிகளில், தாடை இடுக்குகளில், வாளின் விளிம்புகளில் வைத்தேன். நுனி பிரிந்தால் நாக்கில் வைத்துக் கூராக்குவேன். எல்லாரும் விடச் சொல்லும் பழக்கம், நான் விடாத பழக்கம்.

ஆறு பேர் முடிந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் குளிர்கிறது. படம் எடுத்துத் துருவுக்கு அனுப்பினேன்.

மார்ச் 10, செவ்வாய்

படத்துக்குக் கட்டைவிரலைக் காட்டுவதோடு சரி, துரு போனில் கூப்பிடுகிற ஆளே இல்லை. இன்று கூப்பிட்டார். அந்த வெள்ளைக்கு என்ன போட்டாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"அது தூசி இல்லம்மா. பழைய பொம்மையில காரீயம் இருக்கும். மரப்பெட்டியில மூடி வெச்சா அது அரிச்சுப் பொடியா வெளிய வரும். அந்தப் பொடி விஷம்." அப்புறம் மெதுவாக, "பிரஷ்ஷ வாயில வைக்கல இல்ல?"

வைக்கல என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் என்ன திட்டவா போகிறார்? வாயைக் கொப்பளித்தேன். சோப்பு போட்டு நாக்கைத் தேய்த்தேன், வாந்தி வந்தது. நேற்று உள்ளே போனது இன்றைக்குக் கொப்பளித்தால் வந்துவிடுமா, அறிவு கெட்டவளே. எத்தனை தடவை நாக்குல வெச்சேன்? அம்பது? நூறு? ஒரு பொம்மைக்குப் பத்துன்னாலும் அறுபது. அது எனக்குள்ள போனா அதுக்குள்ளயும் போகும்தானே. ஐயோ நான் என்ன பண்ணிட்டேன்.

மார்ச் 11, புதன்

காலையில் அசைந்தது. அசைவுதானா, இல்லை வெறும் வாயுவா? சாயங்காலம் வரை வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

இவருக்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் போனேன். முதல் நாள் பதிவு செய்தபோது என்ன வேலை என்று கேட்டார்கள். பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு வீட்டில்தான் என்று சொல்லிவைத்திருந்தேன். இன்று எல்லாவற்றையும் சொன்னேன், நாக்கு உட்பட. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எத்தனை நாள், எவ்வளவு நேரம், அதே மேசையில் சாப்பிடுவீர்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு திங்கட்கிழமை.

இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சாப்பிடும்போது, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்றார். முதுகு வலி என்றேன். இந்த வாரம் எத்தனை பொய்.

மார்ச் 14, சனி

இவர் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார். ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு ஏழு. தாளை என்னிடம் நீட்டினார். அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 16, திங்கள்

இருக்கிறது. இருக்க வேண்டியதைவிட அதிகம். பதறுகிற அளவு இல்லை, அலட்சியம் செய்கிற அளவும் இல்லை என்றார் டாக்டரம்மா. வேலையை அடியோடு நிறுத்த வேண்டும், அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தூசி படுகிற வேலை எதையும் நான் செய்யக் கூடாது. மாத்திரைகள் தந்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். ஆகாது என்று அவர் சொல்லவில்லை, பார்ப்போம் என்றார். அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

இவரிடம் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எழுந்து போய்ப் பெயர் எழுதிய தாளை மடித்து அலமாரிக்குள் வைத்தார். அதுதான் தாங்கமுடியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

லீவு போட்டுவிட்டார். முகமூடி, கையுறை மாட்டிக்கொண்டு, என்னை வாசலிலேயே நிறுத்திவைத்து, அறையை முட்டிபோட்டுத் துடைத்தார். படையை மூன்று பைகளுக்குள் கட்டினார். கடிகாரக்காரரிடமும் அவரே போனில் பேசினார். அந்தப் பெட்டி முப்பது வருடமும் அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. பாவம், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாராம். அவரும் நாளை ரத்தம் கொடுக்கப் போகிறார்.

மார்ச் 20, வெள்ளி

இதை எழுதக் கூடாது என்று மூன்று நாளாகப் பேனாவைத் தொடவில்லை.

முதல் தடவையும் இதுதானா?

அப்போதும் இதே மேசை, இதே நாக்கு. அந்த மாதம் என் முன்னால் இருந்தது உலோகமா பிளாஸ்டிக்கா? நினைவில்லை. நினைவில்லையா, நினைக்கப் பயமா? செய்யும் வேலையை எல்லாம் தேதி, எண்ணிக்கை, எதனால் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அந்த வருடத்து நோட்டு பரணில் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். "அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க. அதைத் தோண்டாதீங்க" என்றார்.

யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் நோட்டு சொல்லுமே.

ஏப்ரல் 17, வெள்ளி

ரத்தத்தில் காரீயம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! ஸ்கேனில் விரல்களை எண்ணிக் காட்டினார்கள். வளர்ச்சி சரியாக இருக்கிறதாம். பிறந்த பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். பார்ப்போம், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்போம். இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று யார் யாருக்கோ போன் செய்தார்.

ஏப்ரல் 18, சனி

நேற்று நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. காலையில் ஸ்டூலைப் போட்டுப் பரணை எட்டிக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன். இறங்கு முதல்ல என்றார். என்ன தேடுகிறேன் என்று சொன்னேன். பிறகு அவரே ஏறி நோட்டை எடுத்தார், அங்கேயே ஸ்டூல்மேல் நின்றபடி பக்கங்களைப் புரட்டினார். நான் கீழே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிளாஸ்டிக்தான். அந்த மாசம் பூரா பிளாஸ்டிக்தான். போதுமா?"

போதும் என்றேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு சத்தம் போட்டு அழுதேன். அவர் நோட்டோடு உள் அறைக்குப் போனார்.

ஏப்ரல் 20, திங்கள்

அவர் வேலைக்குப் போனதும், பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நோட்டு அவருடைய சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அந்த மாதத்துப் பக்கம் இல்லை. அளவுகோல் வைத்து, தையல் ஓரமாகக் கத்தியால் வெட்டி எடுத்திருக்கிறார். ஒரு காகிதத்தை நேராக மடிக்கத் தெரியாத மனிதர்.

நோட்டை இருந்தபடியே சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் வந்ததும் பெயர்த் தாளை அலமாரியிலிருந்து எடுத்து, இதுல எது பிடிச்சிருக்கு என்று கேட்டார். மூன்றாவது என்றேன்.