ஏறாத எக்ஸ்எல்

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். கிளம்பும்போது சாவியைக் கீழ்வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

நீங்க ஆசையா வாங்கிட்டு வந்த எக்ஸ்எல் சட்டையை மாத்தப் போறேன். எம் சைஸ் போடுறவளுக்கு எக்ஸ்எல்! அதுவும் தோளுக்கு மேல ஏறல. “துணி பொய் சொல்லுமா?”ன்னு நேத்து நான் குண்டாயிட்டதா விழுந்து விழுந்து சிரிச்சீங்களே, நல்லா இருந்தது. இப்பதான் என் பழைய எம் சைஸ் சட்டையோட வச்சுப் பார்த்தேன். இந்த எக்ஸ்எல்தான் சின்னது.

பி.கு: அதே கடையில உங்களுக்கு எடுத்த முப்பத்தாறு சைஸ் பேன்ட்டையும் பழைய முப்பத்தாறோட வச்சுப் பார்த்தேன். ரெண்டு விரல் கம்மி. மத்தியானம் இன்டர்வியூவுல மூச்சைப் பிடிச்சுக்கிட்டா பதில் சொல்லுவீங்க? இடுப்புத் தையலைப் பிரிச்சுத் தளர்த்தி வச்சிருக்கேன், கட்டில் மேல இருக்கு.

நான் இன்னும் சிரிக்கல. இன்டர்வியூ முடியட்டும்.