வாயை ஊதிக் காட்டுங்க

மே 6, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. காற்று இல்லை. பாத்தியில் உப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, என்னால்தான் குனிந்து வார முடியவில்லை. கொண்டுபோன கேன் தண்ணீர் காலையிலேயே காலி. அப்படி ஒரு தாகம். குடித்ததெல்லாம் உடனே சிறுநீர். வரப்புக்குப் பின்னால் போவதும் வருவதுமே வேலையாகிவிட்டது. சீ.

வெளிக்குப் போய்ப் பல நாள். வாயில் தகரத்தை நக்கிய ருசி. மத்தியானம் பெண்டாட்டி ஜெயமேரி கட்டிக்கொடுத்த மத்திக் குழம்பைத் திறந்ததுமே குமட்டல்.

கூட வேலை செய்கிற ஏழுமலை சிரித்தான். "ஏம்பா, புள்ளத்தாச்சி கணக்கா ஓக்களிக்கிற?"

சாயங்காலம் ரோட்டு மருந்துக் கடையில் ஊசி. முட்டி வலிக்கு, வாராவாரம். பெட்டியோடு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு குப்பியாகக் கொண்டுபோனால் கடைக்காரரே குத்திவிடுவார். எலும்புக்குத் தெம்பாம். கூடவே கால்சியம் மாத்திரை, இரண்டு வேளை. உப்பளத்தில் பாதிப் பேர் அங்கேதான் இடுப்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

மே 9, வெள்ளி

வரப்பில் தள்ளாடி விழுந்தேன். முகமெல்லாம் சேறு. தூக்கிவிட்ட ஏழுமலையின் பெயர் வாயில் வரவில்லை. வெறும் "டேய், டேய்". வீட்டில் போய் என்ன சொல்லித் தொலைத்தானோ.

ஜெயமேரி வாசலிலேயே மறித்தாள். "வாயை ஊதிக் காட்டுங்க."

ஊதினேன்.

"வாடையே இல்ல. புதுச் சரக்கா?"

எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துக் கூட்டமாகச் செத்தார்களே, அதோடு விட்டவன் நான். பிள்ளைகள் மேல் சத்தியம் என்றேன். நம்பவில்லை.

"செத்தவனுங்க வூட்டுப் பொம்பளைங்க கணக்கா என்னியும் நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்க."

என் உடம்பு எனக்கே அருவருப்பு. அவள் மூக்கை என் வாயருகே கொண்டுவந்தது அதைவிட. அவள் மேலும்தான் வெறுப்பு, மறைப்பானேன்.

மே 11, ஞாயிறு

கோயிலுக்கு இழுத்துப் போனாள். பூசை முடிந்ததும் ஃபாதர் முன்னால் பைபிளில் கைவைத்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டுமாம். குடிக்காதவன் எதை விடுவது? சொன்னால் குடித்தேன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டாலும் அப்படித்தான்.

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, வாந்திதான் வந்தது. ஃபாதரின் வெள்ளை அங்கி மேலேயே. தூ.

பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல்: "பூசைக்குக்கூட ஊத்திக்கினு வர்றான் பாரு."

ஜெயமேரி முந்தானையால் தரையைத் துடைத்தாள்.

மே 13, செவ்வாய் (?)

தூக்கம். எழுந்தால் தாகம். மறுபடி தூக்கம். கையெழுத்து கோணல். மாத்திரை போட்டேனா? இரண்டு தரம் போட்டேன் போல. ஊசிக்குப் போனேன், திரும்பி வந்த வழி ஞாபகமில்லை.

சின்னவள் ஆத்தாளிடம் சொல்கிறாள்: "அப்பா மேல நாத்தம் அடிக்குது."

உண்மைதான்.

மே 17, சனி. பாண்டி ஆஸ்பத்திரி

உளறிக்கொண்டு கிடந்தவனை ஏழுமலைதான் வேனில் போட்டுக் கொண்டுவந்தானாம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். சாராயம் துளி இல்லை. கால்சியம், தாறுமாறாக. கிட்னியும் அடி வாங்கியிருக்கிறது.

ஜெயமேரி ஊசிப் பெட்டியைக் காட்டினாள். டாக்டரம்மாவுக்குக் கோபம்.

"நாள் பூரா வெயில்ல நிக்கிறீங்க. வைட்டமின் டி ஊசி எதுக்குங்க, அதுவும் வாராவாரம்? அது உடம்புலயே தேங்கி, சாப்பாட்டுலேர்ந்தும் எலும்புலேர்ந்தும் கால்சியத்தை ரத்தத்துல கொட்டிடுச்சு. அதுக்கு மேல மாத்திரை வேற. தாகம், மலச்சிக்கல், வாந்தி, தள்ளாட்டம், மறதி, எல்லாமே இதனாலதான்."

எலும்புக்குத் தெம்பு! எலும்பைக் கரைக்கத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

கையில் சலைன் ஏறுகிறது. இத்தனை வருஷம் காலால் மிதித்த உப்புத் தண்ணீர், இப்போது நரம்பு வழியாக. சிரிப்பு வந்தது, கூடவே குமட்டல்.

ஜெயமேரி என் காலில் காய்ந்திருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

மே 24, சனி

வீடு. நாள் பூரா வானம் மூடாக்கு, மழை இல்லை. பால், தயிர் கூடாது. மாத்திரை கூடாது. ஊசிப் பக்கமே போகக் கூடாது. உடம்பில் தேங்கியது இறங்க மாசக்கணக்காகுமாம்.

கடையில் இன்றைக்கும் கூட்டம் என்கிறான் ஏழுமலை. நிற்கத் தெம்பு வந்ததும் போய்க் கத்த வேண்டும்.

சாயங்காலம் ஜெயமேரி உப்பளத்து வேலை முடிந்து வந்தாள். நின்றபடியே ஒரு செம்பு தண்ணீர். இன்னொரு செம்பு. குழம்புச் சட்டியைத் திறந்தாள், மூக்கைச் சுளித்தாள், மூடினாள்.

"என்னாச்சு?"

"ஒன்னுமில்ல. வெயிலு. நாக்கு ஒட்டிக்குது."

"நீயும் அந்தக் கடையில ஊசி போட்டுக்கினியா?"

மூன்றாவது செம்பை மொண்டாள். குடித்து முடித்துத்தான் என்னைப் பார்த்தாள்.

"ஏன், முட்டி உங்களுக்கு மட்டும்தான் இருக்குதா?"